நல்ல சீன உணவகமும் பேக்கரியும் கண்டுபிடிக்க

தம்பி, வெளிநாடு வந்த புதிதில் நான்கைந்து சீன உணவகங்களில் சாப்பிட்டுப் பார்த்தும் எல்லாம் ஒரே இனிப்புச் சாஸாக இருந்தது, நல்ல சீனச் சாப்பாடும் பேக்கரியும் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைப் பெயர் இரண்டு மூன்று சொல்லிவிடலாம். ஆனால் சமையல்காரர் வேறு கடைக்குப் போனால் ருசியும் அவரோடு போய்விடும். அதனால் தேடும் விதத்தையே சொல்கிறேன். நாளை வேறு நகரத்துக்கு மாறினாலும் உதவும்.

முதல் வேலை, ‘சீன உணவகம்’ என்று தேடுவதை விடுங்கள். மாகாணத்தின் பெயரையோ ஒரு உணவின் பெயரையோ போட்டுத் தேடுங்கள்: சிச்சுவான், டிம் சம் (சிறு சிறு தட்டுகளில் வரும் பலகாரங்கள்), லான்சோ நூடுல்ஸ், ஷாங்காய் சூப் டம்ப்ளிங் (நம் கொழுக்கட்டை மாதிரி), காண்டனீஸ் (குவாங்டாங் மாகாணச் சமையல்) ரோஸ்ட் வாத்து. நல்ல சமையலறை ஒரு வட்டாரத்தின் சமையலைத்தான் செய்யும். காண்டனீஸ், சிச்சுவான், தாய்லாந்துக் கறி, சுஷி எல்லாம் ஒரே மெனுவில் இருநூறு வரி ஓடினால், பெரும்பாலும் சாஸ் மட்டும்தான் மாறும். நீங்கள் சாப்பிட்ட இனிப்புப் பதார்த்தங்கள் அந்தந்த நாட்டு வாடிக்கையாளருக்காக உருவானவை. அதில் தவறில்லை, நீங்கள் தேடுவது அதுவல்ல, அவ்வளவுதான்.

எந்தப் பகுதியில் தேடுவது? நகர மையத்தில் இருக்கும் சைனாடவுனுக்குத்தான் எல்லோரும் முதலில் போவார்கள். வட அமெரிக்காவில் அந்தத் தெருக்கள் பெரும்பாலும் குவாங்டாங் மாகாணத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வந்தவர்கள் அமைத்தவை. அமெரிக்கா 1882இலும் கனடா 1923இலும் சட்டம் போட்டுச் சீனர் வருகையை அடைத்தன. அந்தச் சட்டங்கள் 1943இலும் 1947இலும்தான் நீங்கின. 1960களுக்குப் பிறகு ஹாங்காங், தைவான், பின்னர் சீனாவின் மற்ற மாகாணங்களிலிருந்து வந்த பலர் புறநகரில் வீடு வாங்கிக் குடியேறினார்கள். சமையலும் அங்கேதான் போயிற்று. நியூயார்க்கில் ஃபிளஷிங், லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே சான் கேப்ரியல் பள்ளத்தாக்கு, டொராண்டோவுக்கு வடக்கே மார்க்கம், வான்கூவரை ஒட்டி ரிச்மண்ட், மெல்பர்னில் பாக்ஸ் ஹில், சிட்னியில் ஹர்ஸ்ட்வில் எல்லாம் இப்படி வளர்ந்தவை. உங்கள் நகரத்தில் அப்படிப்பட்ட பகுதி எதுவென்று தெரியாவிட்டால், வரைபடத்தில் சீன சூப்பர்மார்க்கெட்டுகளைத் தேடுங்கள். இரண்டு மூன்று பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அதுதான் இடம். நல்ல சாப்பாட்டுக் கடைகளும் பேக்கரிகளும் அந்தக் கார் பார்க்கிங்கைச் சுற்றியே இருக்கும்.

விமர்சனங்களில் நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள், படங்களைப் பாருங்கள். எல்லா மேசையிலும் ஒரே உணவு திரும்பத் திரும்ப வந்தால் அந்தக் கடை அதற்குத்தான் பேர்போனது. சீன மொழியில் எழுதியவர்களின் கருத்தை மொழிபெயர்த்துப் படியுங்கள். ‘பரிமாறுபவர் சிரிக்கவில்லை’ என்பதற்காகக் கொடுத்த குறைந்த மதிப்பெண்ணை ஒதுக்கிவிடலாம். ‘முன்பு போல இல்லை’ என்று கடைசி மூன்று மாதத்தில் பலர் எழுதியிருந்தால் சமையல்காரர் மாறிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் சுவரைப் பாருங்கள். அன்றைய விசேஷங்களைப் பல கடைகள் சீன எழுத்தில் மட்டும் தாளில் எழுதி ஒட்டியிருக்கும். போனில் மொழிபெயர்ப்புக் கேமராவைக் காட்டினால் பாதியாவது புரியும். அல்லது பக்கத்து மேசையில் இருப்பதைக் காட்டி ‘அது என்ன?’ என்று கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

காண்டனீஸ் கடையின் கைத்திறனைச் சோதிக்க ஒரே ஒரு தட்டு போதும்: உலர வறுத்த மாட்டிறைச்சி ஹோ ஃபன், அகலமான அரிசி நூடுல்ஸ். நூடுல்ஸ் உடையாமல் முழு நீளத்தில் இருக்க வேண்டும், ஒன்றோடொன்று ஒட்டக்கூடாது, ஓரங்களில் லேசாகக் கருகிய புகைவாசம் வர வேண்டும். முளைப்பயறு கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் தட்டின் அடியில் எண்ணெய் குளமாக நின்றால், அடுப்பில் சூடு போதவில்லை அல்லது கை மெதுவாக இருக்கிறது என்று அர்த்தம். இதைப் பார்சல் வாங்கிச் சோதிக்காதீர்கள். மூடிய பெட்டிக்குள் ஆவி இறங்கிப் பத்து நிமிடத்தில் அந்த வாசம் போய்விடும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் வதக்கிய கீரை ஒன்று கேளுங்கள், பட்டாணித் தளிரோ காய் லானோ. பச்சை மங்காமல், தண்ணீர் விடாமல் வந்தால் அதே திறமைதான்.

டிம் சம் காலைச் சாப்பாடு. பெரும்பாலான கடைகளில் மதியம் இரண்டு மூன்று மணிக்கு முடிந்துவிடும். வார இறுதியில் பதினொரு மணிக்குமேல் போனால் நம்பர் வாங்கிக் காத்திருக்க வேண்டும். பத்து மணிக்குள் போய்விடுங்கள். வண்டியில் தள்ளிக்கொண்டு வருவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் சுற்றிச் சுற்றி வந்தவை ஆறியிருக்கலாம். தாளில் குறித்துக் கொடுத்தால் செய்யும் கடைகளில் சூடாக வரும். முதலில் ஹார் காவ் கேளுங்கள், இறால் வைத்த டம்ப்ளிங். அதன் தோல் கோதுமை ஸ்டார்ச்சில் செய்தது. உள்ளே இருக்கும் இறாலின் சிவப்பு தெரியும் அளவுக்கு மெல்லியதாக, குச்சியால் எடுக்கும்போது கிழியாமல், அடித் தாளில் ஒட்டாமல் வர வேண்டும். கிழிந்தால் அதிக நேரம் வெந்திருக்கிறது அல்லது ஆவியில் காத்திருந்திருக்கிறது. தேநீருக்குத் தலைக்கு இவ்வளவு என்று பில்லில் சேரும், அதைப் பார்த்து அதிர்ச்சி அடைய வேண்டாம். கெட்டில் காலியானால் மூடியைச் சற்றுத் திறந்து வையுங்கள், வந்து நிரப்புவார்கள்.

சிச்சுவான் கடை என்றால் நாக்கு மரத்துப்போக வேண்டும். அந்த மரப்பு சிச்சுவான் மிளகின் (நம் கறுப்பு மிளகு அல்ல) தோலிலிருந்து வருகிறது, மிளகாயிலிருந்து அல்ல. எலுமிச்சை இன மரங்களைத் தாக்கும் நோய் பரவும் என்று அமெரிக்கா 1968 முதல் 2005 வரை இந்த மிளகின் இறக்குமதியைத் தடுத்திருந்தது. பழைய மெனுக்களில் ‘சிச்சுவான்’ என்ற தலைப்பின் கீழ் வெறும் காரமும் சர்க்கரையும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மாப்போ டோஃபு (காரக் குழம்பில் வரும் சோயா பன்னீர்) கேட்டுப் பாருங்கள். சிவந்த எண்ணெய், புளித்த பீன்ஸின் உப்பு, மேலே தூவிய மிளகுப்பொடி மூன்றும் தெரிந்தால் திரும்பிப் போகலாம்.

ஆர்டர் செய்யும்போது ஆளுக்கு ஒரு தட்டு என்ற கணக்கில் பொதுவாக நடுவில் வைத்துச் சாப்பிடுங்கள். எல்லாமே பொரித்ததாக இல்லாமல் ஒன்று ஆவியில் வெந்தது, ஒன்று கீரை, ஒன்று டோஃபு என்று கலந்து சொல்லுங்கள். தொட்டியில் நீந்தும் மீனுக்கும் லாப்ஸ்டருக்கும் எடைக்கு விலை, தினமும் மாறும். ‘சந்தை விலை’ என்று போட்டிருந்தால் எடையையும் மொத்த விலையையும் கேட்ட பிறகே தலையாட்டுங்கள். கார்டு வாங்காத கடைகளும் உண்டு, பணம் கொஞ்சம் கையில் இருக்கட்டும்.

சாப்பாட்டுக் கட்டுப்பாடு உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டோஃபு, கத்தரிக்காய், வறுத்த பீன்ஸ் என்று மெனுவில் இருந்தாலும் கொத்திய பன்றி இறைச்சி சேர்ப்பது சகஜம். கீரையில் ஆய்ஸ்டர் சாஸ் (கடல் சிப்பியில் செய்வது) அல்லது கோழிச் சாறு இருக்கும். ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் போதாது, ‘இறைச்சித் துண்டு, ஆய்ஸ்டர் சாஸ், கோழிச் சாறு மூன்றும் வேண்டாம்’ என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். பௌத்த சைவ உணவகம் கிடைத்தால் அந்தக் கவலையே இல்லை, வெங்காயம் பூண்டுகூட அங்கே பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். ஹலால் வேண்டுவோர் லான்சோ, சியான் நூடுல்ஸ் கடைகளைத் தேடுங்கள். சீனாவின் ஹுய் இன முஸ்லிம்கள் நடத்தும் கடைகளில் பெயர்ப்பலகையிலேயே ஹலால் என்று அரபியில் எழுதியிருப்பார்கள். எழுதாத கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி பேக்கரி. வாசலில் தட்டும் இடுக்கியும் இருக்கும். வேண்டியதை நீங்களே எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போக வேண்டும். ஹாங்காங் பாணிக் கடையில் இரண்டு பண்டங்களை வைத்தே தரத்தைச் சொல்லிவிடலாம்.

ஒன்று, முட்டை டார்ட், கிண்ணம் மாதிரி ஓட்டுக்குள் முட்டைக் கஸ்டர்ட் ஊற்றிச் சுட்டது. நடுவிலுள்ள கஸ்டர்ட் வழவழப்பாக, தட்டை அசைத்தால் லேசாக ஆட வேண்டும். மேலே சுருக்கமும் உள்ளே ஓட்டைகளும் இருந்தால் சூடு கூடிப்போய் உப்பி, பிறகு அமுங்கியிருக்கிறது. அடி ஈரமாக நொசிந்தால் வெகுநேரம் இருந்தது. ஓட்டில் இரண்டு வகை: பிஸ்கட் மாதிரி நொறுங்குவது, அடுக்கடுக்காக உதிர்வது. எது வேண்டுமானாலும் வாங்கலாம், ஆனால் அடுப்பிலிருந்து வரும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்குப் பல தடவை சுடுவார்கள், சுட்ட அரைமணிக்குள் சாப்பிடுவதற்கு ஈடில்லை.

இரண்டாவது, அன்னாசி பன். அன்னாசிப் பழம் இதில் சேராது. மாவு, சர்க்கரை, கொழுப்பு கலந்த மேலோடு வெடித்து அப்படி ஒரு தோற்றம் தரும். அந்த ஓடு மொறுமொறுப்பாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டு அடுக்கியிருப்பதை வாங்காதீர்கள். பன்னிலிருந்து எழும் ஈரத்தை மேலே உள்ள சர்க்கரை இழுத்துக்கொண்டு ஓடு பிசுபிசுத்துவிடும். திறந்த தட்டில் இருப்பதை எடுத்து, தாள் பையில் கேளுங்கள்.

டார்ட் ஓட்டிலும் இந்த மேலோட்டிலும் சில கடைகள் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். மூன்கேக் என்ற பண்டிகைப் பலகாரத்திலும் உண்டு. வெண்ணெயா பன்றிக் கொழுப்பா என்று நேராகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். கேக்குகளுக்கு இனிப்பு குறைவு, ஃப்ரெஷ் க்ரீமும் பழமும் இருப்பதால் வாங்கிய அன்றே தீர்த்துவிட வேண்டும். மாலையில் கடை மூடும் முன் பன்களுக்கு விலை குறைப்பார்கள். வெறும் பால் ரொட்டி என்றால் தாராளமாக வாங்கலாம், மறுநாளும் மெத்தென்று இருக்கும். டார்ட் மீந்தால் மைக்ரோவேவில் வைக்க வேண்டாம், ஓடு தொய்ந்துவிடும். ஓவனில் 150 டிகிரி செல்சியஸில் ஏழெட்டு நிமிடம் வைத்தால் ஓடு திரும்ப மொறுமொறுக்கும்.