கோடு ஏறுனா பஸ்ஸும் ஏறுதா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தரம் 10க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இடப்பெயர்ச்சி–நேர வரைபுல (தொடங்குன இடத்துல இருந்து எந்தத் திசையில எவ்வளவு தள்ளி இருக்குதுன்னு நேரத்தோட காட்டுறது) கோடு மேல ஏறி, நேரா போயி, கீழ இறங்குற மாதிரி கீறிட்டு, இதுல என்ன நடக்குதுன்னு கேட்டேன். பாதிப் புள்ளைங்க "பஸ் மலை ஏறுது, மேல சமதரையில ஓடுது, அந்தப் பக்கம் இறங்குது"ன்னு எழுதிருக்காங்க. எத்தனை தடவை சொன்னாலும் திரும்ப அதே தான். என்ன செய்யலாம்?
– ஆசிரியை, கொட்டகலை

பதில்: தங்கச்சி, புள்ளைங்க மேல கோபப்படாதீங்க. காலையில கண்ணு முழிச்சா மலை, ஸ்கூலுக்கு வர்றது படி ஏறி, போறது படி இறங்கி, அவங்களுக்கு ஏறுற கோடுன்னா மலை தானே. நானும் ரொம்ப வருஷம் இந்தப் பாடத்தை சூத்திரத்துல இருந்து தான் தொடங்குனேன், படித்திறன் (கோட்டோட சரிவு) கணக்கு எல்லாம் சரியா செஞ்சு மார்க்ஸும் எடுப்பாங்க, ஆனா "இந்த ஆள் இப்ப நடக்குறாரா நிக்குறாரா"ன்னு கேட்டா முழிப்பாங்க. அது எனக்கு இன்னும் மனசுல உறுத்துது.

வரைபுக்கு முன்னாடி கல்லு பொறுக்கச் சொல்லுங்க. உண்மையா தான் சொல்றேன். வராந்தாவுல வெண்கட்டியால ஒவ்வொரு மீற்றருக்கும் ஒரு கோடு போடுங்க, ஒரு புள்ள ஃபோன்ல செக்கன் பார்த்து சொல்லணும், வகுப்பு முழுக்க செக்கனுக்கு ஒரு தடவை கை தட்டணும். ஒருத்தி நடக்கணும், ஒவ்வொரு தட்டுக்கும் கால் இருக்குற இடத்துல ஒரு சின்னக் கல்லு வைக்கணும். முதல் 4 செக்கன் செக்கனுக்கு 1 மீற்றரா நடக்கட்டும், அடுத்த 3 செக்கன் அப்படியே நிக்கட்டும், கடைசி 2 செக்கன்ல வேகமா தொடங்குன இடத்துக்கே திரும்பி வரட்டும்.

நிக்குற நேரத்துல பாருங்க, அவ நின்னாலும் கை தட்டுறது நிக்காது, கல்லு ஒரே இடத்துல குவியும். "மிஸ், இவ நிக்குறா, நேரம் மட்டும் போகுது"ன்னு யாராவது ஒரு புள்ள கட்டாயம் சொல்லும். திரும்பி வரும்போது வைக்கிற கல்லு போகும்போது வச்ச கல்லோட கலந்துரும், எது போனது எது வந்ததுன்னு யாருக்கும் தெரியாது. அந்த இடத்துல தான் கட்டம் போட்ட கொப்பிய எடுக்கச் சொல்லணும், கலந்து கிடக்குற கல்லுகளை நேரப்படி பக்கவாட்டுல பிரிச்சு வைக்கத் தான் நேர அச்சுன்னு ஒண்ணு வேணும்னு அப்ப அவங்களுக்கே விளங்கும். 4 செக்கன்ல 4 மீற்றர், 7 செக்கன் வரைக்கும் அதே 4, 9வது செக்கன்ல பூச்சியம். இதையே கீறி முடிச்சதும் "இவ மலை ஏறுனாளா?"ன்னு கேளுங்க. வராந்தா மட்டமா இருக்குறது அவங்க கண்ணு முன்னாடி.

கடைசிக் கோடு முதல் கோட்டை விட செங்குத்தா இறங்கும், ஏன்னா வேகம் கூட. இறங்குற கோடுன்னா மெதுவாகுதுன்னு நெனைக்கிற புள்ளைங்களும் நிறைய, அவங்களுக்கும் இதுவே மருந்து: திசை திரும்பிருச்சு, வேகம் செக்கனுக்கு மறை 2 மீற்றர், அவ்வளவு தான்.

இன்னொண்ணு. அதே ஏறி–நேரா–இறங்குற படத்தை ரெண்டு தடவை கீறி, ஒண்ணுல நிலைக்குத்து அச்சுக்கு இடப்பெயர்ச்சின்னும் மத்ததுல வேகம்னும் எழுதி ரெண்டுக்கும் கதை சொல்லச் சொல்லுங்க. முதலாவதுல ஆள் போயி, நின்னு, திரும்பி வர்றார். ரெண்டாவதுல கொழுந்து லொறி ஆர்முடுகி (வேகம் கூடி), ஒரே வேகத்துல ஓடி, அமர்முடுகி (வேகம் குறைஞ்சு) நிக்குது, திரும்பி வரவே இல்ல. ஒரு முழுப் பாடவேளையும் இதுக்கே போனாலும் பரவால்ல, போகட்டும்.

கேள்வி: தூரம், இடப்பெயர்ச்சி ரெண்டுக்கும் வித்தியாசம் மகனுக்கு எப்படி சொல்றது?
– ஒரு தகப்பன், பதுளை

பதில்: உங்க ஊர்ப் பக்கமே இருக்கு ஐயா, தெமோதரைக்கு ரயில்ல கூட்டிட்டுப் போங்க. அங்க பாதை ஸ்டேஷன்ல இருந்து மலையைச் சுத்தி வளைஞ்சு இறங்கி, அந்த ஸ்டேஷனுக்குக் கீழேயே சுரங்கத்துக்குள்ள போகுது. ரயில் ஓடுன தூரம் சுமார் 900 மீற்றர். ஆனா ஸ்டேஷனுக்கு நேர் கீழ வர்ற நேரம் இடப்பெயர்ச்சின்னு பார்த்தா அந்த உயர வித்தியாசம் மட்டும் தான், அதுவும் கீழ்நோக்கி. மகனை ஸ்டேஷன்ல நிக்க வச்சு காலுக்குக் கீழ ரயில் போறதைக் கேக்க வைங்க.

கேள்வி: வேக–நேர வரைபுக்குக் கீழ இருக்குற பரப்பளவு எப்படி தூரமாகும்? சேர் மனப்பாடம் பண்ணச் சொல்றார்.
– மாணவி, ஹட்டன்

பதில்: மனப்பாடம் வேணாம் மகள், கட்டத்தை எண்ணு. ஒரு கட்டத்தோட அகலம் 1 செக்கன், உயரம் செக்கனுக்கு 1 மீற்றர், ரெண்டையும் பெருக்குனா செக்கன் வெட்டுப்பட்டு 1 மீற்றர் தான் மிஞ்சும். அதனால ஒரு கட்டம்னா ஒரு மீற்றர் போயாச்சு.

ஒரு லொறி நின்ன இடத்துல இருந்து சீரா ஆர்முடுகி 6 செக்கன்ல செக்கனுக்கு 12 மீற்றர் வேகத்துக்கு வருதுன்னு வை. முக்கோணம் கீறி, பாதிக் கட்டங்களையும் ஒட்டி ஒட்டிச் சேர்த்து செக்கன் செக்கனா எண்ணு: 1, 3, 5, 7, 9, 11. கூட்டினா 36 மீற்றர். முக்கோணச் சூத்திரமும் அதையே தரும், 6ஐ 12ஆல பெருக்கி அதுல பாதி. எவ்வளவு அழகா ஒத்தை எண்கள் வருதுன்னு பார்த்தியா! இந்த ஒழுங்கை கலிலியோ சரிவான பலகையில காடி வெட்டி, குண்டு உருட்டித் தான் கண்டுபிடிச்சார், 1638ல அச்சுலயும் வந்துச்சு. அப்ப ஸ்டாப்வாட்ச் கிடையாது, பாத்திரத்துல இருந்து ஒழுகுற தண்ணியை எடை போட்டு நேரம் பார்த்திருக்கார், நம்ம மலையில கொழுந்து நிறுக்கிற மாதிரி.

வீட்டுல 8 அடிப் பலகை கிடைச்சா ஒரு முனையை ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைய உயர்த்தி மாபிள் உருட்டு, தம்பியைச் செக்கனுக்கு ஒரு தடவை கை தட்டச் சொல்லி ஒவ்வொரு தட்டுக்கும் மாபிள் எங்க இருக்குதுன்னு வெண்கட்டியால அடையாளம் போடு. முதல் இடைவெளி 27 சென்ரிமீற்றர் பக்கம் வந்தா ரெண்டாவது 80 பக்கம் வரணும். முதல் தடவை சரியா வராது, நாலஞ்சு தடவை உருட்டிப் பார்த்துட்டு அளந்ததை எனக்கு எழுது.