கடையில் வாங்கிய ஆர்.சி. (ரிமோட்டில் பறக்கும்) விமானத்தில் மாற்றம் செய்யலாமா? எதிலிருந்து தொடங்குவது?

தாராளமாகச் செய்யலாம். ஆனால் எல்லோரும் முதலில் கை வைப்பது மோட்டாரில். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். நீங்கள் அதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள்.

என்னுடையது 1.2 மீட்டர் இறக்கை உள்ள ஃபோம் விமானம். த்ராட்டில் (மோட்டார் வேகம்), ரடர் (இடம் வலம் திருப்பும் வால் மடல்), எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) என்று மூன்று சேனல்தான், அதாவது ரிமோட்டில் மூன்று தனித்தனிக் கட்டுப்பாடு. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடலான ஐலரான் கிடையாது. ஒரு வருடம் அப்படியே பறக்கவிட்டேன். பிறகு அதிலிருந்த பிரஷ் மோட்டாரைக் கழற்றிவிட்டு 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 1000 சுற்று) பிரஷ்லெஸ் மோட்டாரும் 3 செல் லிப்போ பேட்டரியும் போட்டேன். 11.1 வோல்ட்டில் சுமை இல்லாமல் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரும் மோட்டார் அது. கையிலிருந்து வீசிவிட்டு த்ராட்டிலை முழுக்கத் தள்ளினேன். மூக்கு நேராக வானத்துக்குத் தூக்கியது, வேகம் செத்தது, ஒரு பக்கம் சாய்ந்து தரையில் குத்தியது.

நான் பறக்கவிடும் மைதானத்தில் பல வருடமாகப் பறக்கவிடும் அண்ணன் ஒருவர் உடைந்த மூக்கைக் கையில் எடுத்துப் பார்த்தார். "தம்பி, மோட்டார் நேரா பாக்குது. கொஞ்சம் கீழ பாக்கணும்" என்றார். இறக்கை மேலே இருக்கும் விமானத்தில் த்ராட்டில் கூடினால் மூக்கு தூக்கும். அதற்காகத்தான் மோட்டாரை லேசாகக் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்திருப்பார்கள். நான் மவுண்ட்டை மாற்றியபோது அந்தச் சாய்வைக் கவனிக்காமல் எடுத்துவிட்டேன். மேலே உள்ள இரண்டு ஸ்க்ரூவிலும் மவுண்ட்டுக்குப் பின்னால் வாஷர் வைத்து, 2 அல்லது 3 டிகிரி கீழே பார்க்கும்படி செய்தேன். வலப்பக்கமும் 2 டிகிரி கொடுத்தேன். அப்புறம் அதே மோட்டார் ஒழுங்காக இழுத்தது.

அதனால் உங்கள் முதல் வேலை, காசே செலவாகாத வேலை: சி.ஜி., அதாவது விமானத்தின் எடை சமநிலையில் நிற்கும் இடத்தைப் பார்ப்பது. பேட்டரியை உள்ளே வைத்து, இறக்கையின் அடியில் இரண்டு விரல்களால் தாங்கிப் பாருங்கள். இறக்கையின் அகலம் 18 செ.மீ. என்றால் முன் விளிம்பிலிருந்து 4.5 முதல் 5.4 செ.மீ.க்குள் சமநிலை வர வேண்டும், அதாவது 25 முதல் 30 சதவீதம். 1300 எம்.ஏ.எச். பேட்டரிக்குப் பதில் 2200 போட்டால் 70 கிராம் போலக் கூடும். எந்த மாற்றம் செய்தாலும் மறுபடி விரலில் தூக்கிப் பார்க்காமல் பறக்கவிடாதீர்கள். கூடவே ரடரையும் எலிவேட்டரையும் அசைக்கும் கம்பிகளையும் பாருங்கள். எலிவேட்டரைக் கையால் அசைத்தால் லொடலொடவென்று ஆடுகிறதா? ஓட்டை தேய்ந்த ஹார்னை (மடலில் கம்பி மாட்டும் சின்னக் கொம்பு) மாற்றினாலே பாதி விமானம் புதிதாகிவிடும்.

அடுத்து ஐலரான். எனக்கு ரொம்பப் பிடித்த மாற்றம் இதுதான். பின் விளிம்பில், இறக்கை முனைப்பக்கம், அகலத்தில் கால் பங்கை அளந்து வெட்டுங்கள். வெட்டிய துண்டின் விளிம்பை 45 டிகிரி சீவி, டேப்பைக் கீலாக ஒட்டினால் போதும். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு 9 கிராம் சர்வோ (மடலை அசைக்கும் குட்டி மோட்டார்). மூன்று சேனல் விமானங்களுக்கு இறக்கையை 'வி' போல நிறைய மடித்திருப்பார்கள். அந்த மடிப்பு விமானத்தைத் தானாக நிமிர்த்திக்கொண்டே இருக்கும், ஐலரானோடு மல்லுக்கு நிற்கும். நான் பாதியாகக் குறைத்து, உள்ளே கார்பன் குழாய் வைத்து ஒட்டினேன். இன்னொன்று: கீழே இறங்கும் ஐலரான் அந்தப் பக்க இறக்கையைப் பின்னுக்கு இழுக்கும், மூக்கு திருப்பத்துக்கு எதிர்ப்பக்கம் ஓடும். இரண்டு சர்வோவையும் தனித்தனி சேனலில் மாட்டி, மேலே 2 பங்கு, கீழே 1 பங்கு என்று அசைவை வையுங்கள். இதற்கு இரண்டு சேனலைச் சேர்த்து இயக்கும் மிக்ஸிங் உள்ள ரிமோட்டும், விமானத்துக்குள் சிக்னலை வாங்கும் ஆறு சேனல் ரிசீவரும் வேண்டும்.

இந்தச் சாமான்களை வாங்குவதற்கு முன் விமானத்தைத் திறந்து உள்ளே பாருங்கள். பல ரெடிமேட் விமானங்களில் ரிசீவரும், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.யும் ஒரே போர்டில் இருக்கும். அப்படியென்றால் ஒன்றை மட்டும் மாற்ற முடியாது, மொத்தமும் போக வேண்டும்.

பசை விஷயம் சின்னதுதான், ஆனால் இறக்கையே போய்விடும். தெர்மோகோல் வகை ஃபோமை சாதாரண சூப்பர் க்ளூ கரைத்துவிடும். இ.பி.ஓ. என்ற வேறு வகை ஃபோமை ஒன்றும் செய்யாது. சந்தேகமாக இருந்தால் உள்ளே தெரியாத இடத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

சரி, இவ்வளவும் முடிந்து பிரஷ்லெஸ் மோட்டார் போடுகிறீர்கள் என்றால் ப்ரொப்பெல்லரில் ஆசைப்படாதீர்கள். 8 இன்ச்சிலிருந்து 9 இன்ச்சுக்குப் போனால், அதே பிட்ச்சில் (இலையின் சாய்வு) அதே வேகத்தில் சுற்ற 1.6 மடங்கு சக்தி வேண்டும். இ.எஸ்.சி. கருகுவது பெரும்பாலும் இப்படித்தான். வாட் மீட்டர் வைத்து, முழு த்ராட்டிலில் ஆம்பியர் அளந்துவிட்டுப் போங்கள். 30 ஆம்பியர் இ.எஸ்.சி.யில் 22, 23க்கு மேல் நான் போவதில்லை. மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றி மாட்டினால் போதும். அந்தச் சோதனையை ப்ரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். முதல் தடவை விடியற்காலையில், காற்று எழும்புவதற்கு முன், ஆள் இல்லாத வெட்டவெளியில், பாதி த்ராட்டிலில் விடுங்கள்.