நிலத்தை விற்காதீர்கள், பெண்ணைக் கணிதம் படிக்க விடுங்கள்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு,

மகள் நல்ல மதிப்பெண் வாங்கியும் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை என்கிறீர்கள். சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில், நிர்வாக ஒதுக்கீட்டில், கணினிப் பொறியியல் இடத்தை உங்கள் மைத்துனர் பேசிவிட்டார். அதற்கு ஒரு ஏக்கர் நஞ்சையை விற்க வேண்டும். பெண்ணோ பி.எஸ்சி. கணிதம்தான் என்கிறாள். எல்லாம் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. நிலத்தை விற்காதீர்கள். நன்கொடை கொடுத்து வாங்கும் இடத்தால் படிப்பின் தரம் கூடுவதில்லை. அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்கும் பாரம்தான் அவள் தலையில் ஏறும்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் பருத்தி ஏல விலையை அவள் வாராவாரம் குறித்துவைத்து, இந்த வாரம் கொடுக்கலாமா, பொறுக்கலாமா என்று கணக்குப் போடுகிறாளாம். நிதிக் கணிதத்தில் இதற்கென்றே ஒரு பெரிய துறை இருக்கிறது. உகந்த நிறுத்தம் என்று பெயர். நாளைய விலை தெரியாது, நேற்றைய விலைக்குத் திரும்பவும் முடியாது. அந்நிலையில் எந்தக் கணத்தில் நிறுத்தினால் சராசரி ஆதாயம் அதிகம் என்பதே கேள்வி.

அவளிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள். ஆறுமுகப் பகடையை மூன்று முறை வரை உருட்டலாம். நிறுத்தும்போது விழுந்திருக்கும் எண்ணே பரிசு. விடையைக் கடைசியிலிருந்து பின்னோக்கித் தேட வேண்டும். ஒரே உருட்டல் மிச்சமிருந்தால் அதன் சராசரி 3.5. ஆகவே இரண்டாம் உருட்டலில் 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் நிறுத்த வேண்டும். இரண்டு உருட்டல்களின் மதிப்பு 4.25. அதனால் முதல் உருட்டலில் 4 விழுந்தாலும் நிறுத்தக் கூடாது, 5 வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து மதிப்பு சுமார் 4.67. இதை அவளே கண்டுபிடித்து, பத்து உருட்டல் என்றால் என்ன ஆகும் என்று கேட்டால், அவளுடைய நாட்டத்துக்கு வேறு சான்று எனக்கு வேண்டாம்.

இந்தப் பின்னோக்கிய கணக்கைத்தான் 1952-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஸ்னெல் பொதுவான வடிவில் நிறுவினார். பங்குச் சந்தையிலும் இதே கேள்வி வருகிறது. ஒரு பங்கை முன்பே குறித்த விலைக்கு, காலாவதிக்கு முன் எந்த நாளிலும் விற்கும் உரிமை தரும் ஒப்பந்தத்துக்கு அமெரிக்க வகைப் புட் ஆப்ஷன் என்று பெயர். அதன் மதிப்பைக் கணக்கிட நேரடிச் சூத்திரம் கிடையாது. பங்கு எந்த விலைக்குக் கீழே போனால் உரிமையைப் பயன்படுத்த வேண்டும் என்ற எல்லைக்கோட்டையே கணினியில் தேட வேண்டும். லாங்ஸ்டாஃப், ஷ்வார்ட்ஸ் என்ற நிதியியல் அறிஞர்கள் இருவரும் 2001-இல் தந்த வழி, ஆயிரக்கணக்கான விலைப் பாதைகளைக் கற்பனையாக ஓடவிட்டுப் பார்ப்பது. வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் இதற்கு ஆட்கள் தேவை. மைத்துனர் ஆசைப்படும் கணினி வேலையும் இதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் நிகழ்தகவு தெரியாதவரால் இதைச் செய்ய முடியாது.

பி.எட்., வங்கித் தேர்வு பற்றியெல்லாம் உங்கள் தெருவிலேயே சொல்வார்கள்; விட்டுவிடுகிறேன். மன்னார்குடி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேரட்டும். கட்டணம் உங்களுக்குச் சுமையாகாது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். மூன்றாண்டும் நிகழ்தகவு, மெய்ப்பகுப்பாய்வு இரண்டையும் விடாமல் படிக்க வேண்டும். பைத்தான் நிரலாக்கத்தைச் செலவில்லாமல் கற்கலாம். ஆங்கிலத்தில் பாடநூல் வாசிக்கும் பழக்கத்தை முதல் பருவத்திலேயே தொடங்கியாக வேண்டும், ஏனென்றால் ஐ.ஐ.டி.களின் எம்.எஸ்சி.க்கான ஜாம் தேர்வு ஆங்கிலத்தில்தான். இந்தியப் புள்ளியியல் நிறுவனமும், சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகமும் தனித்தனி நுழைவுத் தேர்வு வைக்கின்றன. எதுவும் கிட்டாவிட்டாலும் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. கணிதம் இருக்கிறது, பஸ்ஸில் போய் வரும் தூரம்தான்.

இது எளிதான பாதை அல்ல. முதுகலை முடிக்கும்வரை ஐந்தாண்டு பொறுக்க வேண்டும். அதற்குள் கல்யாணப் பேச்சு எழும், அதை நீங்கள்தான் தடுக்க வேண்டும். மைத்துனரிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம், முடிவு அவளுடையது என்று மட்டும் சொல்லுங்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இந்த வாரமே ரசீதோடு போய், சேர்க்கை வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்துத் திரும்பக் கேளுங்கள். அரசுக் கல்லூரி விண்ணப்பத்தின் கடைசித் தேதியையும் இன்றே பார்த்துவிடுங்கள்.