கிளினிக்கல் ட்ரையல் புள்ளியியலை வீட்டிலிருந்தே முதுநிலையில் படிப்பது: கேள்வி பதில்

மருந்துகளை மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கும் ட்ரையல்களின் தரவுகளோடு வேலை செய்து பதினாறு வருடம் ஆகிறது. முதுநிலைப் படிப்பையும் வேலைக்கு நடுவே, இரவில் உட்கார்ந்துதான் முடித்தேன். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, பி.ஃபார்ம் முடித்துவிட்டுச் சென்னையில் ட்ரையல் நடத்தும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். இணையவழியில் எங்கே சேரலாம்? கணக்கெல்லாம் பிளஸ் டூவோடு விட்டுப்போனது.

பதில்: முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள் தம்பி. ட்ரையலை நடத்தத் தெரிய வேண்டுமா, அதன் கணக்கைப் போடத் தெரிய வேண்டுமா? இரண்டும் வேறு படிப்புகள். லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிகல் மெடிசின் நடத்தும் கிளினிக்கல் ட்ரையல்ஸ் எம்.எஸ்ஸி முழுக்கத் தொலைநிலையில் படிக்கலாம். வடிவமைப்பு, நெறிமுறை, நிர்வாகம், அறிக்கை எல்லாம் அதில் உண்டு. புள்ளியியல் அதில் ஒரு பகுதிதான். கணக்குதான் உங்கள் வேலை என்றால் பயோஸ்டாடிஸ்டிக்ஸ் (மருத்துவப் புள்ளியியல்) பட்டம் தேடுங்கள். ஆஸ்திரேலியாவில் பல பல்கலைக்கழகங்கள் கூட்டாக அதை இணையவழியில் நடத்துகின்றன. அதற்கு நுண்கணிதமும் அணிகளும் (மேட்ரிக்ஸ்) கட்டாயம் வேண்டும். ஆறு மாதம் அதை மட்டும் படித்துவிட்டுச் சேருங்கள். நானும் அப்படித்தான் செய்தேன். பணம் கட்டுவதற்கு முன் கோர்செராவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நடத்தும் ட்ரையல் வடிவமைப்புப் பாடத்தைக் கேட்டுப் பாருங்கள். அது பிடிக்காவிட்டால் எம்.எஸ்ஸியும் பிடிக்காது.

கேள்வி: அந்தப் பட்டம் இந்தியாவில் அரசு வேலைக்குச் செல்லுமா?

பதில்: நீங்கள் விண்ணப்பிக்கப்போகும் இடத்திலேயே எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். பணம் கட்டுவதற்கு முன்பே.

கேள்வி: புள்ளியியல் மென்பொருளில் எஸ்.ஏ.எஸ் கற்பதா, ஆர் கற்பதா?

பதில்: மருந்துக் கம்பெனி என்றால் எஸ்.ஏ.எஸ், கல்லூரி ஆய்வு என்றால் ஆர். இரண்டையும் இலவசமாகக் கற்கலாம். எதில் கற்றாலும், தரவைப் பார்ப்பதற்கு முன் பகுப்பாய்வுத் திட்டத்தை எழுதிவைக்கும் பழக்கம் இல்லாவிட்டால் பயன் இல்லை.

கேள்வி: பொது மருத்துவ முதுநிலை மாணவி. என் ட்ரையல் இரண்டு ரத்த அழுத்த மருந்துகளைப் பற்றியது. 'ஒரு பக்கம் முப்பது பேர் போதும்' என்கிறார் கைடு. சரியா?

பதில்: முப்பது எங்கிருந்து வந்தது என்று மரியாதையோடு கேளுங்கள் டாக்டர். கையாலேயே போடக்கூடிய கணக்கு இது. 80 சதவீதப் பவர் (உண்மையான வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு), 5 சதவீத முக்கியத்துவ அளவு (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) என்றால், ஒரு பக்கத்துக்கு, அதாவது ஒரு மருந்துக் குழுவுக்கு, வேண்டியவர்கள் சுமார் 16 பெருக்கல் திட்ட விலக்கத்தின் வர்க்கம், வகுத்தல் நீங்கள் கண்டுபிடிக்க விரும்பும் வித்தியாசத்தின் வர்க்கம். திட்ட விலக்கம் 10, வித்தியாசம் 5 என்றால் 64 பேர். முப்பது பேர் மட்டும் என்றால் வித்தியாசம் 7-க்கு மேல் இருந்தால்தான் அதே பவரோடு பிடிபடும்.

பாதியில் நின்றுவிடுபவர்களையும் சேர்க்க வேண்டும். 20 சதவீதம் பேர் போய்விடுவார்கள் என்றால் பலரும் 64-ஐ 1.2-ஆல் பெருக்கி 77 என்று எழுதுகிறார்கள். 77-இல் 20 சதவீதம் போனால் 62 கூட மிஞ்சாது. 0.8-ஆல் வகுத்து 80 என்று எழுதுங்கள்.

கேள்வி: இரண்டு குழுவினரின் ஆரம்ப விவரங்களை ஒப்பிடும், ட்ரையலின் முதல் அட்டவணையில் வயதுக்கு பி மதிப்பு 0.03 வந்துவிட்டது. ரேண்டமைசேஷன் (நோயாளிகளைக் குலுக்கிப் போட்டுக் குழுக்களாகப் பிரிப்பது) தோற்றுவிட்டதா? கைடு வயதானவர்களை நீக்கச் சொல்கிறார்.

பதில்: யாரையும் நீக்காதீர்கள். அந்த பி மதிப்பு கேட்கும் கேள்வி, 'இந்த வித்தியாசம் தற்செயலா?' என்பது. 0.05-க்குக் கீழே வந்தால் தற்செயல் இல்லை என்று எடுத்துக்கொள்வது வழக்கம். நீங்களே குலுக்கிப் போட்டிருக்கிறீர்கள்; தற்செயல்தான் என்று முன்பே தெரியும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது விவரங்களைச் சோதித்தால், ஒன்றாவது 0.05-க்குக் கீழே வர 64 சதவீத வாய்ப்பு. இந்தச் சோதனை வேண்டாம் என்று, ட்ரையல் அறிக்கை எழுதுவதற்கான கன்சார்ட் வழிகாட்டுதலே சொல்கிறது. பி மதிப்பு வரும் நெடுவரிசையை அழித்துவிட்டு சராசரியையும் திட்ட விலக்கத்தையும் மட்டும் வையுங்கள்.

கேள்வி: நான் இருபது வருடமாகக் கைடாக இருக்கும் பேராசிரியர். பி மதிப்பு வரும் அந்த நெடுவரிசை இல்லாமல் கட்டுரை அனுப்பினால் இதழ்களின் ரிவ்யூவர்கள் திருப்பி அனுப்புகிறார்கள். குலுக்கல் ஒழுங்காக நடந்ததா என்று வேறு எப்படித் தெரியும்?

பதில்: ஐயா, உங்கள் கேள்வியில் நியாயமான பாதி ஒன்று இருக்கிறது. அதை ஒப்புக்கொள்கிறேன். இங்கிலாந்தின் மயக்கவியல் மருத்துவர் ஜான் கார்லைல், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ட்ரையல்களின் முதல் அட்டவணைகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார். சந்தேகத்துக்கு இடமான கட்டுரைகள் அதில் அகப்பட்டன. மத்தியதரைக்கடல் உணவு பற்றிய ஸ்பெயினின் பிரெடிமெட் ட்ரையலும் அப்படித்தான் மறுபரிசீலனைக்கு வந்தது. ஒரு வீட்டில் ஒருவரைக் குலுக்கலில் எடுத்துவிட்டு, மற்றவர்களையும் குலுக்காமல் அதே குழுவில் சேர்த்திருந்தார்கள். ஓர் இடத்தில் கிளினிக் வாரியாகவே பிரித்திருந்தார்கள். 2013-இல் வந்த கட்டுரையை 2018-இல் திரும்பப் பெற்று, திருத்தி மறுபடி வெளியிட்டார்கள்.

ஆக, குலுக்கலில் தில்லுமுல்லோ தவறோ நடந்ததா என்று துப்பறிய அந்தக் கணக்கு உதவும். நோயாளியை நீக்கவோ, எந்த விவரத்தை, முடிவைக் கணக்கிடும் மாடலில் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்கவோ உதவாது. ரிவ்யூவர் கேட்டால் கன்சார்டைக் காட்டி இரண்டு வரி எழுதுங்கள். உங்கள் கையெழுத்தோடு போனால் மாணவர்களுக்கும் தைரியம் வரும்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மருத்துவர். அப்படியென்றால் வயதை மாடலில் சேர்க்கவே கூடாதா?

பதில்: சேர்க்கலாம், பல நேரம் சேர்க்க வேண்டும். முடிவைப் பாதிக்கும் விவரம் என்று முன்பே தெரிந்தால், தரவு வருவதற்கு முன் எழுதிவைத்துச் சேர்க்க வேண்டும். அதனால் மதிப்பீடு கூர்மையாகும். அட்டவணையைப் பார்த்துவிட்டுச் சேர்ப்பதுதான் தவறு.

கேள்வி: எங்கள் ட்ரையலில் பி மதிப்பு 0.06 வந்தது. பெண்களை மட்டும் தனியாகப் பார்த்தால் 0.02. அதைப் போடலாமா?

பதில்: இதையே இன்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். நால்வருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். 1988-இல் வந்த ஐசிஸ்-2 ட்ரையலில் மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேர் இருந்தார்கள். ஆஸ்பிரின் தெளிவாக உயிர் காத்தது. அதே தரவை ராசிவாரியாகப் பிரித்தபோது, மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரினால் பலன் இல்லை என்று வந்தது. வேண்டுமென்றேதான் அதை அச்சிட்டார்கள், உங்களைப் போன்றவர்கள் பார்க்க. திட்டத்தில் முன்பே எழுதாத பிரிவு என்றால், 'பின்னர் பார்த்தது' என்று சொல்லியே எழுதுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை. ட்ரையலில் சேரச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: நான் மருத்துவர் அல்ல. அம்மாவை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கேளுங்கள். ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துவந்து நிதானமாகப் படியுங்கள். இந்தியாவில் நடக்கும் ட்ரையல்களைப் பதிவு செய்யும் சிடிஆர்ஐ தளத்தில் அந்த ட்ரையல் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: எஸ்.ஏ.எஸ் நல்லதா, ஆர் நல்லதா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: படிப்பு தொடங்குவதற்கு முன் வாசிக்க, நம் ஊர் ட்ரையல் ஏதாவது உண்டா?

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ட்ரையலைத் தேடிப் படியுங்கள். ஒரு பிரிவினருக்கு சானடோரியத்தில் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையில்) சிகிச்சை. மற்றவர்களுக்கு அதே மருந்துகள், ஒரு வருடம், வீட்டிலேயே. யாருக்கு எது என்பதைக் குலுக்கலே முடிவு செய்தது. வீட்டில் இருந்தவர்களுக்கு ஓய்வும் குறைவு, சாப்பாடும் குறைவு, இடமும் நெருக்கடி. அப்படியும் குணமானவர்களின் அளவு ஏறக்குறைய சானடோரியத்துக்கு ஈடாக வந்தது. கூட வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் ஆபத்து கூடவில்லை. 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியானது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். முதலில் அட்டவணைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு பக்கத்திலும் குணமானவர்களின் சதவீதத்தையும் வித்தியாசத்தின் நம்பக இடைவெளியையும் (கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல்) கையால் போட்டுப் பாருங்கள். அப்புறம் அவர்கள் எழுதியதைப் படியுங்கள். எங்காவது சிக்கினால் அந்தக் கணக்கையே அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.