துருவக்கரடி: அந்த 5,000 எங்கிருந்து வந்தது?

கேள்வி: 1960-களில் உலகத்தில் 5,000 துருவக்கரடிகள்தான் இருந்தனவாம், இன்று 26,000 இருக்கின்றன என்று படித்தேன். ஐந்து மடங்கு பெருகிவிட்ட ஒரு மிருகத்துக்காக ஏன் இவ்வளவு கண்ணீர்? புவி வெப்பமடைவதைச் சொல்லிப் பயமுறுத்த ஓர் அழகான முகம் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதானே?

பதில்: 26,000 சரி. 5,000 சரியில்லை. உங்கள் கேள்வி முழுக்க அந்த 5,000-த்தின் மேல்தான் நிற்கிறது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1960-களில் துருவக்கரடியை யாரும் எண்ணவில்லை. சிலர் 5,000 என்றார்கள். சிலர் 10,000-க்கு மேல் என்றார்கள். 20,000-ஐ நெருங்கும் என்று சொன்னவர்களும் உண்டு. எல்லாமே ஊகம். துருவக்கரடி வாழும் ஐந்து நாடுகளும் 1965-ல் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் முதன்முறையாகக் கூடிப் பேசியதற்கு ஒரு காரணமே, எத்தனை கரடி இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாமல் இருந்ததுதான். அந்த ஊகங்களில் மிகச் சிறியதை மட்டும் பொறுக்கி எடுத்து, இன்றைய மதிப்பீட்டின் பக்கத்தில் வைத்து, "ஐந்து மடங்கு" என்கிறார்கள். அதை உங்களிடம் சேர்த்தவர் இந்த விவரத்தைச் சொல்லவில்லை. இன்றைய 26,000-கூட 22,000-க்கும் 31,000-க்கும் நடுவில் எங்கோ இருக்கலாம் என்ற மதிப்பீடுதான். ரஷ்யாவின் வடகரையில் பல பகுதிகளில் இன்னும் சரியான கணக்கெடுப்பு நடக்கவில்லை.

ஆனாலும் உங்கள் கேள்வியில் ஓர் உண்மை இருக்கிறது. சில இடங்களில் கரடிகள் நிஜமாகவே பெருகின. காரணம், துப்பாக்கி ஓய்ந்தது. அதுவரை அலாஸ்காவில் சின்ன விமானங்களில் போய்ச் சுட்டார்கள். நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் இரையை இழுத்தால் தானாக வெடிக்கும் துப்பாக்கிப் பொறிகளை வைத்தார்கள். சோவியத் ஒன்றியம் 1956-லேயே வேட்டையைத் தடை செய்தது. 1973-ல் ஐந்து நாடுகளும் ஆஸ்லோவில் வேட்டையைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போட்டன. பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் அமெரிக்காவும் சோவியத்தும் ஒரே தாளில் கையெழுத்திட்டன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது. கரடிகள் மீண்டது அந்தக் கையெழுத்தின் பலன். வெப்பம் ஏறுவதால் கரடிக்குத் தீங்கில்லை என்பதற்கு அது சாட்சியாகாது.

துருவக்கரடி எப்படிப் பிழைக்கிறது என்று பாருங்கள். கடலின் மேல் உறைந்த பனிப்பாளத்தில் சீல் மூச்சு விட ஒரு துவாரம் வைத்திருக்கும். கரடி அதன் அருகே அசையாமல் மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும். மூக்கு வெளியே வரும் அந்த ஒரு கணத்தில் அடித்து மேலே இழுத்துப் போடும். பல நேரங்களில் கொழுப்பை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு, இறைச்சியை நரிகளுக்கு விட்டுவிட்டுப் போய்விடும். வசந்த காலத்தில் சீல் குட்டிகள் கொழுத்திருக்கும்; ஆண்டுச் சாப்பாட்டின் பெரும்பகுதி அந்தச் சில வாரங்களில்தான் கிடைக்கிறது. கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் பனி உருகியதும் கரை ஏறும் கரடி, மறுபடி கடல் உறையும் வரை ஏறக்குறையப் பட்டினி. கர்ப்பிணி இன்னும் மோசம்: சுமார் எட்டு மாதம் ஒன்றும் தின்னாமல், பனிக்குகைக்குள் ஈன்று, அரைக் கிலோவுக்குச் சற்றே கூடுதலான எடையில் பிறக்கும் குட்டிகளுக்குத் தன் உடம்பில் சேர்த்த கொழுப்பிலிருந்து பால் கொடுக்கிறாள். பனி மூன்று வாரம் முன்னால் உடைந்தால், அவள் குகைக்குள் கொண்டுபோகும் கொழுப்பில் மூன்று வார வேட்டை குறையும்.

மேற்கு ஹட்சன் விரிகுடாவில் நடப்பது இதுதான். 1980-களோடு ஒப்பிட்டால் கரடிகள் இன்று கரையில் சுமார் மூன்று வாரம் அதிகமாகக் கிடக்கின்றன. 1987-ல் ஏறக்குறைய 1,200 இருந்த கூட்டம் 2016-ல் 842 ஆனது, 2021-ல் 618. சில கரடிகள் பக்கத்துக் கூட்டத்துக்கு நகர்ந்திருக்கலாம் என்று கணக்கெடுத்தவர்களே சொல்கிறார்கள், அதையும் சேர்த்தே படியுங்கள். உலகத்திலேயே மிக நீண்ட காலமாகக் கவனிக்கப்படும் கூட்டங்களில் இது ஒன்று என்பதால் இந்த எண்களுக்குக் கனம் அதிகம்.

கரையில் வேறு எதையாவது தின்று பிழைக்காதா என்று அடுத்து கேட்பீர்கள். 2024-ல் வெளியான ஓர் ஆய்வில், அங்கே 20 கரடிகளின் கழுத்தில் கேமரா கட்டி மூன்று வாரம் பார்த்தார்கள். பெர்ரிப் பழம் தின்றன, புல் தின்றன, பறவை தின்றன. சில நெடுந்தூரம் நீந்தின. நீந்திய இரண்டுக்குக் கடலில் மிருகங்களின் சடலம் கிடைத்தது. தண்ணீரில் மிதந்தபடி அதிகம் தின்ன முடியவில்லை, கரைக்கு இழுத்து வரவும் முடியவில்லை. 20-ல் 19 கரடிகள் எடை இழந்தன, சராசரியாக நாளுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. அலைந்து இரை தேடியதும் மெலிந்தது, சும்மா படுத்துக் கிடந்ததும் மெலிந்தது.

எல்லாக் கூட்டமும் இப்படி இல்லை. அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவிலுள்ள சுக்சி கடலில் சுமார் 3,000 கரடிகள் நல்ல உடல்நிலையில் இருப்பதாக அறியப்பட்டது. கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவிலுள்ள கேன் பேசினில் எண்ணிக்கை கூடியிருக்கிறது. அங்கே பல ஆண்டு பழைய தடித்த பனி மெலிந்ததால் கடலுக்குள் வெளிச்சம் அதிகம் இறங்கி, உயிர்கள் பெருகின. மெலிவது தொடர்ந்தால் அந்த நன்மை நிலைக்காது. வீட்டு வாசலில் முன்பைவிட அதிகக் கரடிகளைப் பார்க்கிறோம் என்று வடதுருவப் பகுதியின் பூர்வகுடிகளான இன்யூட் மக்கள் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. தலைமுறைகளாக அவற்றோடு வாழ்கிறவர்கள் அவர்கள். சில இடங்களில் கரடி பெருகியிருக்கலாம்; சில இடங்களில் பனி இல்லாமல் பசித்த கரடி ஊருக்குள் வருகிறது. இரண்டும் வாசலில் ஒன்றுபோலத்தான் தெரியும். இந்த விவரங்களை மறைத்துவிட்டுக் கரடிக்காகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இனி "கண்ணீர்" விஷயம். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் துருவக்கரடி "அழிவாய்ப்புள்ள இனம்". 2015-ல் அந்த நிலையை உறுதி செய்தபோது, இதுவரை எத்தனை செத்தன என்பதை வைத்து முடிவெடுக்கவில்லை. கடல்பனி குறையும் வேகத்தில் அடுத்த மூன்று கரடித் தலைமுறைகளில், அதாவது 35 முதல் 40 ஆண்டுகளில், எண்ணிக்கை 30 சதவீதத்துக்கு மேல் சரியும் வாய்ப்பு அதிகம் என்ற கணிப்பை வைத்தே எடுத்தார்கள். அழியும் ஆபத்திலுள்ள இனங்களைக் காக்கும் தன் சட்டத்தில் அமெரிக்கா 2008-ல் துருவக்கரடியைச் சேர்த்ததும் இதே காரணத்தால். செப்டம்பர் மாதக் கடல்பனியின் பரப்பு, செயற்கைக்கோள் அளக்கத் தொடங்கிய 1979 முதல் பத்தாண்டுக்குச் சுமார் 12 சதவீதம் வீதம் சுருங்கி வருகிறது. 26,000 என்பது இன்றைய இருப்பு. நீங்கள் அதை நாளைக்கான உத்தரவாதமாகப் படிக்கிறீர்கள்.

துப்பாக்கியை ஆஸ்லோவில் ஒரு கையெழுத்து அடக்கியது. உருகும் பனியை அந்தக் கடலோரத்தில் எந்த வனக்காவலரும் நிறுத்த முடியாது; நிலக்கரியும் எண்ணெயும் எரியும் இடங்களில்தான் நிறுத்த வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீவன் ஆம்ஸ்ட்ரப்பின் குழு 2007-ல், இந்த நூற்றாண்டின் நடுவுக்குள் மூன்றில் இரண்டு பங்கு கரடிகள் போய்விடலாம் என்று கணித்தது. அதே ஆம்ஸ்ட்ரப் 2010-ல் வெளியிட்ட ஆய்வைப் பலர் கவனிக்கவில்லை. கோடைக்காலக் கடல்பனி ஒரு கட்டத்தைத் தாண்டியதும் மீள வழியின்றி மொத்தமாகச் சரிந்துவிடும் என்பதற்கு ஆதாரமில்லை. வெப்பம் ஏற ஏறப் படிப்படியாகத்தான் குறைகிறது. வெப்பமேற்றும் வாயுக்களின் வெளியேற்றத்தைக் குறைத்தால் மிஞ்சும் பனியும் மிஞ்சும் கரடிகளும் அதிகம் என்று அதில் அவர் காட்டியிருக்கிறார்.