கடித்தது பாம்புதான், ஆனால்...

கேள்வி: பாம்பு கடித்து இறந்ததைக் கொலை என்று எப்படி நிரூபித்தார்கள், டாக்டர்? கேரளாவில் கணவனுக்கே தண்டனை கிடைத்ததே!
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கொல்லம் மாவட்டம் அஞ்சலில் 2020 மே மாதம் நடந்தது அது அம்மா. தூங்கிய கட்டிலிலேயே 25 வயதுப் பெண் நாகம் கடித்து இறந்துகிடந்தார். கையில் இரண்டு கடி. பல் தடங்களின் இடைவெளி ஒன்றில் 2.3 செ.மீ., மற்றதில் 2.8. அந்த அளவு நாகம் தானாகக் கடித்தால் இரண்டு செ.மீ.கூட வராது. பொம்மைக் கையில் கோழி இறைச்சியைக் கட்டி, உயிருள்ள நாகத்தை வைத்தே சோதித்துப் பார்த்தார்கள். தலையைப் பிடித்து அழுத்திக் கடிக்கவைத்தபோதுதான் தடம் அப்படி அகன்றது.

சரி, வலியில் அவர் ஏன் அலறவில்லை? உள்ளுறுப்புப் பரிசோதனையில் தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மருந்து சிக்கியது. புதைத்த பாம்பையும் தோண்டி எடுத்து ஆராய்ந்தார்கள். 2021 அக்டோபரில் கணவனுக்கு இரட்டை ஆயுள் தண்டனை.

இறப்பதற்கு முன், 2020 மார்ச்சில் கண்ணாடிவிரியன் கடித்து, பிழைத்து, தாய்வீட்டில் தேறிக்கொண்டிருந்த பெண் அவர். முதல் கடியிலேயே யாராவது சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.