தானாகச் சரிசெய்துகொள்ளும் டிரம் பிரேக்: கேள்வி பதில்

கேள்வி: பின்சக்கர டிரம் பிரேக் தானாகவே அட்ஜஸ்ட் ஆகும் என்கிறார்கள். உள்ளே என்னதான் நடக்கிறது?

பதில்: சக்கரத்தோடு சுழலும் உருளையான டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்துபவை வளைந்த ஷூக்கள், அவற்றின் மேல் ஒட்டிய உராய்வுப் பட்டைதான் லைனிங். லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது, அதைக் கடக்க ஷூக்களை வெளியே தள்ளும் வீல் சிலிண்டர் கூடுதலாக விரிய வேண்டியிருப்பதால் பெடல் கீழே இறங்குகிறது. அந்தக் கூடுதல் இடைவெளியை மட்டும் ஈடுகட்டுவதே அட்ஜஸ்டரின் வேலை. பரவலாகக் காணப்படும் அமைப்பில், இரண்டு ஷூக்களுக்கும் நடுவே திருகினால் நீளும் மரையிட்ட தண்டு ஒன்றும், அதன் மேல் ஸ்டார் வீல் எனப்படும் பல்சக்கரமும், அந்தப் பல்லில் நுனி பதிந்த ஒரு சிறு லீவரும் இருக்கும். பிரேக் பிடிக்கும்போது ஷூ நகரும் தூரத்துக்கு ஏற்ப லீவரும் நகர்கிறது. இடைவெளி சரியாக உள்ளவரை நுனி அதே பல்லின் மேல் சற்று ஏறி இறங்கும். தேய்மானம் போதிய அளவை எட்டியதும் அடுத்த பல்லைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை விட்டதும் ஸ்பிரிங் லீவரைத் திரும்ப இழுக்க, சக்கரம் ஒரு பல் சுழன்று தண்டு மயிரிழை அளவு நீளும். ஒருமுறைக்கு ஒரு பல் என்பதே இதன் அழகு. அதுவே இதன் வரம்பும் ஆகும்.

கேள்வி: ரிவர்ஸில் சென்று பலமுறை பிரேக் அழுத்தினால் சரியாகிவிடும் என்கிறார் ஒருவர். ஹேண்ட்பிரேக்கை இழுத்து விட்டால்தான் சரியாகும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: இருவரும் அவரவர் காரைப் பற்றிச் சொல்வது சரி, அடுத்தவர் காருக்கும் அதையே விதியாக்குவதுதான் தவறு. டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு ஷூக்களும் மேலே ஆங்கர் பின் எனப்படும் ஒரே நிலையான முளையில் சாய்ந்திருக்க, கீழே அட்ஜஸ்டர் மட்டும் அவற்றை இணைத்து மிதந்தால் அது டியூவோ சர்வோ வகை. அவற்றுள் பெரும்பாலானவற்றில், பின்னோக்கிச் செல்லும்போது பிரேக் பிடித்தால் பின்பக்க ஷூ ஆங்கரை விட்டு விலகி, அட்ஜஸ்டர் லீவரோடு கட்டிய கேபிளை இழுக்கும். ஷூக்களின் அடிமுனை நிலையான தாங்கியில் ஊன்றி, அட்ஜஸ்டர் வீல் சிலிண்டருக்குக் கீழே குறுக்காக இருந்தால் அது லீடிங் டிரெய்லிங் வகை. அதில் சில கால் பிரேக்கிலும் சில ஹேண்ட்பிரேக்கிலும் இயங்கும்.

கேள்வி: முதலில் சொன்னவன் நான்தான். என் கார் லீடிங் டிரெய்லிங் வகை. ஆனாலும் ரிவர்ஸில் பிடித்த பிறகே பெடல் மேலே வந்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை, அதற்கு நீங்கள் காட்டும் காரணத்தையே மறுக்கிறேன். கால் பிரேக்கில் இயங்கும் அட்ஜஸ்டருக்கு கார் எந்தத் திசையில் போகிறது என்பது பொருட்டல்ல. நீங்கள் பலமுறை அழுத்தினீர்கள், ஒவ்வொரு பல்லாக ஏறியது. முன்னோக்கிச் சென்று அழுத்தியிருந்தாலும் ஏறியிருக்கும்.

கேள்வி: ஹேண்ட்பிரேக் வெகு உயரம் வரை வருகிறது. கேபிளை இறுக்கினால் போதுமா?

பதில்: போதாது, கெடுதலும் செய்யும். டிரம்முக்குள் கேபிள் இழுக்கும் ஹேண்ட்பிரேக் லீவர் ஷூவில் உள்ள தன் நிறுத்தத்தில் முழுமையாகச் சாய்ந்திருந்தால்தான் ஷூக்கள் முழுவதும் பின்வாங்க முடியும். கேபிளை இறுக்கி அதைப் பாதியில் தூக்கி வைத்துவிட்டால், அட்ஜஸ்டருக்கு உண்மையான இடைவெளி தெரியாமலே போகிறது. தேய்மானம் தொடர, பெடல் இறங்கிக்கொண்டே இருக்கும். முதலில் கேபிளைத் தளர்த்துங்கள், பிறகு ஷூக்களைச் சரிசெய்யுங்கள், கேபிளைக் கடைசியில் தொடுங்கள்.

கேள்வி: எனக்கும் ஹேண்ட்பிரேக் தளர்வாக இருக்கிறது. எத்தனை சுற்று இறுக்க வேண்டும்?

பதில்: மேலே உள்ள பதிலை வாசியுங்கள். கேபிளைக் கடைசியில்தான் தொட வேண்டும்.

கேள்வி: புதிய ஷூ மாட்டிய பின் பெடல் தரைவரை போகிறது. தானாகச் சரியாகும்தானே?

பதில்: அந்த நிலையில் காரைச் சாலைக்கு எடுத்துச் செல்லாதீர்கள். டிரம் உள்ளே ஏறும்போது லைனிங் மெல்ல உரசும் அளவுக்கு ஸ்டார் வீலைக் கையால் திருகி வைக்க வேண்டும். அதன் பிறகும் பெடல் இறங்கினால் பிரேக் எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்ததா, எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள். இடப்பக்க, வலப்பக்க அட்ஜஸ்டர்களை மாற்றி மாட்டிவிடாதீர்கள் என்று மீண்டும் மீண்டும் எச்சரிப்பேன். பெரும்பாலும் அவற்றின் மரைகள் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டிருக்கும். மாறிப்போனால் ஒவ்வொரு முறையும் தண்டு நீளாமல் சுருங்கும்.

கேள்வி: டிஸ்க் பிரேக்கிலும் இந்தச் சக்கரம் உண்டா?

பதில்: பொதுவாக இல்லை. அங்கே பிஸ்டனைச் சுற்றிய ரப்பர் சீலே அதைச் செய்கிறது. அதைத் தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: ஹேண்ட்பிரேக் கேபிளை...

பதில்: கடைசியில்.

கேள்வி: அட்ஜஸ்டர் இயங்குகிறதா என்று எப்படிச் சோதிப்பது? என் டிரம் கழலவே மறுக்கிறது.

பதில்: டிரம்மின் உள்விளிம்பில் தேயாமல் நிற்கும் மேட்டில் ஷூ மாட்டியிருக்கக்கூடும். டிரம்மின் பின்னே உள்ள தகடான பேக் பிளேட்டிலோ டிரம்மிலோ உள்ள துளை வழியே மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் லீவரைச் சக்கரத்திலிருந்து விலக்கிப் பிடித்து, இன்னொன்றால் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றுங்கள். விலக்காமல் சுழற்றினால் பற்கள் மழுங்கும். டிரம் கழன்றதும் அட்ஜஸ்டரை எடுத்து, ஸ்டார் வீலை விரல் நுனியால் சுண்டிப் பாருங்கள். ஆரோக்கியமான மரை தடையின்றிச் சுழலும். செம்மண் நிறத் துரு ஏறியது பாதியில் பிடித்து நிற்கும். அதைத் தூரிகையால் தேய்த்து, உயர்வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸை மெல்லிய படலமாக மட்டும் தடவுங்கள். ஒரு துளி லைனிங்கில் பட்டாலும் கெடுதல். உள்ளே படிந்த தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் மூச்சில் போனால் கெடுதல் செய்யும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்தெடுங்கள்.